எதிர் போர்ஷன் பெரியம்மா

வாடகை வீட்டில் குடியிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வீட்டு ஓனரைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம், எதிர் போர்ஷனைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு என்று. எங்களுக்கு நேர்மாறாக அமைந்தது. வேங்கிக்காலில் அப்பா பிடித்த மாடி வீட்டில் பால் காய்ச்சிய அன்றே எதிர் வாசல் அம்மாள் வந்து நின்றார். "டம்ளர் வெளிய எடுத்தாச்சா, இல்ல எல்லாம் மூட்டையிலதான் கெடக்குதா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் தன் வீட்டு டம்ளர்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டார். அம்மா அவரை அக்கா என்றாள். அதனால் எனக்குப் பெரியம்மா. அவருடைய மருமகள் எனக்கு அண்ணி. சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. எதிரெதிரே இரண்டு வாசல், நடுவில் நான்கடி இடம், அவ்வளவுதான்.

கீழே ஓனர் வீடும் இன்னொரு போர்ஷனும் இருந்தன. நான்கு குடும்பத்துக்கும் ஒரே குழாய், காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். அம்மாவுக்கு முன்னால் யாராவது குடத்தை நுழைத்தால் பெரியம்மா மாடியிலிருந்தே சத்தம் போடுவார். "ஏய், அது அவ மொறை! வாய் இல்லன்னு நெனச்சிக்கினீங்களா?" அம்மாவுக்கு உண்மையிலேயே வாய் கிடையாது. அவளுக்கும் சேர்த்து இரண்டு வாய் பெரியம்மாவுக்கு இருந்ததால் எங்கள் குடம் நிறைந்தது.

அம்மா அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பிறகு அவளுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது, மற்றொன்று பிறந்த மூன்றாம் நாள். அதன்பின் சொந்தத்தில் யார் வீட்டு வளைகாப்பு என்றாலும் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள், வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். பந்தியில் உட்காரலாம், மணையருகே மட்டும் போகக் கூடாது. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவ்வளவு நாசூக்கான ஜனங்கள்!

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், ஆவணி மாதத்தில் அண்ணிக்கு வளைகாப்பு நிச்சயமானது. பெரியம்மா குங்குமச் சிமிழோடு வந்து, "ஏழு பேரு வளையல் போடணும். அதுல நீ ஒருத்தி" என்றார். அம்மா தயங்கினாள். "அக்கா, என் விஷயம் உங்களுக்குத் தெரியுமே..."

"தெரியும், தெரியும். நீ பெத்து வளத்தது ஒண்ணு கண்ணெதிர நிக்குது இல்ல? அது போதும், வந்து போடு."

கண்ணெதிரே நின்றது நான்தான். அன்று முழுவதும் அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். அம்மாவுக்குப் பாடத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் பெரியப்பா இறந்துபோனார். பஸ் பிடித்துப் போய், எடுத்ததும் திரும்பிவிட்டோம். பங்காளி வீட்டுச் சாவு என்பதால் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை எங்களுக்குத் தீட்டு. நல்ல காரியம் எதிலும் கை வைக்கக் கூடாது. வளைகாப்போ சாவு விழுந்த ஒன்பதாம் நாள்.

"விஷயத்த சொல்ட்டு ஒதுங்கிக்கோ. அவங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

"ஒரே ஒரு தடவங்க" என்றாள் அம்மா.

அப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள். அம்மா என் பக்கம் திரும்பி, "யாராவது கேட்டா ஊருல காதுகுத்துன்னு சொல்லு, சாவப் பத்தி மூச்சு விடக் கூடாது" என்றாள். தலையை ஆட்டினேன்.

மொட்டை மாடியில் பந்தல் போட்டு வளைகாப்பு நடந்தது. அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு ஏழாவது ஆளாகப் போனாள். அண்ணியின் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையலை ஏற்றினாள். "கூசுது அத்தை" என்று அண்ணி சிரித்தார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு களையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. சாயந்திரம் அண்ணியைச் செங்கம் பக்கத்திலிருந்த தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

ஐப்பசிக் கடைசியில் தகவல் வந்தது. ஆண் குழந்தை, பிறக்கும்போதே உயிர் இல்லை.

பெரியம்மா போய்விட்டுத் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் அம்மாதான் அந்த வீட்டுக்குச் சமைத்தாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, தன் தலையில் மடேர் மடேரென்று அடித்துக்கொள்வாள். எதிர் வீட்டுக் குழந்தை மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அப்புறம் கார்த்திகை தீபம் வந்தது. எங்கள் ஊரில் அன்று மாலை வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருப்போம். உச்சியில் சுடர் தெரிந்ததும் அரோகரா போட்டு, அவரவர் வாசலில் அகல் ஏற்றுவோம். கீழே இரண்டு வீட்டிலும் படிக்கட்டு வரை வரிசையாக ஏற்றினார்கள். மாடியில் மட்டும் இருட்டு. பெரியம்மா வீட்டில் காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில், பங்காளி செத்த வருஷம் பண்டிகை கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். தெருவே ஜொலிக்கும்போது நான் மட்டும் இருட்டில் நிற்க, எனக்கு அழுகையாக வந்தது.

பெரியம்மா தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "எங்க வூட்லதான் விளக்கு இல்ல. நீங்க ஏன்டி ஏத்தல?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். தங்களுக்காக நாங்கள் விளக்கு வைக்காமல் இருக்கிறோம் என்று நினைத்திருப்பார் போல.

எனக்கு விஷயம் தெரிந்த பெருமை. வளைகாப்பு முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டதே, இனி மூச்சு விட்டால் என்ன? "எங்க பெரிய தாத்தா செத்துட்டாரு பெரியம்மா, அதான்" என்றேன்.

"அய்யோ, எப்போ?"

"அண்ணி வளைகாப்புக்கு ஒம்போது நாள் முன்னாடி."

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டைக்குப் பின் சமாதானம் என்று ஒன்று உண்டு. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயடியில் அம்மாவை நெட்டித் தள்ளிக் குடம் வைத்தவர்களை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அம்மா கொடுத்தனுப்பிய குழம்புக் கிண்ணம் மூடி திறக்காமல் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. நான்கடி இடம் அது. அவர் வீட்டில் தாளிக்கும் சத்தம்கூட எங்கள் வீட்டில் கேட்கும். அம்மா சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள், பேச்சை முழுதாக நிறுத்தினாள். எனக்குத் தாங்க முடியவில்லை. பாழாய்ப்போன வாய், என் வாய்!

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "பெரியம்மா, நா அன்னிக்கி பொய் சொன்னேன். எங்க தாத்தா சாவல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அம்மா உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வெளியே வந்து பளாரென்று என் கன்னத்தில் அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. "நீ பொய்யின்னு சொன்னா அந்தக் கொழந்த எழுந்து வந்துடுமாடி?" என்று கேட்டு, என்னையே கட்டிக்கொண்டு அழுதாள்.

தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்தோம். ரமணாசிரமம் பக்கம் இதைவிடச் சின்னதாக ஒரு வீடு. பெரியம்மா தூண்டிவிட்டு ஓனர்தான் எங்களைத் துரத்துகிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டி, அவருடைய ஸ்கூட்டர் சீட்டை ஆணியால் நன்றாகக் கிழித்துவிட்டு வந்தேன். பாவம் அந்த மனிதர். "நா வேணா அவங்ககிட்ட பேசறேன், எதுக்கு சார் காலி பண்றீங்க?" என்று அப்பாவிடம் கெஞ்சியவரே அவர்தானாம். அம்மா இறந்த பிறகுதான் அப்பா இதைச் சொன்னார். வீட்டை மாற்றச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவள் அம்மா. "அந்தப் பொண்ணு மறுபடியும் உண்டாவும். அப்ப எதிர் வாசல்ல நா இருக்கக் கூடாதுங்க" என்றாளாம்.

சாமான்களை ஏற்றிய அன்று, அண்ணி தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தார். நாங்கள் படியில் இறங்கும்போது எதிர்க் கதவைத் திறந்து, மாமியாருக்குத் தெரியாமல் மெதுவாக, "அத்தை, போய்ட்டு வாங்க" என்றார். அம்மா தலையைக் குனிந்தபடி கிடுகிடுவென்று இறங்கினாள். அண்ணி இன்னொரு தடவையும் கூப்பிட்டார். அப்போதும் அம்மா திரும்பவில்லை. எங்கள் அம்மாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது, நன்றாக வேண்டும் இவர்களுக்கு என்று நினைத்து, நானும் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் அவள் பின்னாலேயே இறங்கிப் போனேன்.