ஜூலியஸ் மேடையில் சொன்ன கதை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கும் ஜூலியஸ் நல்ல பேச்சுக்காரர். தேவாலயத்தில் அவர் வாசகம் படித்தால் பின்வரிசையில் கண்ணயர்ந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். புக்கிட் பாத்தோக்கில் அவருடைய அடுக்குமாடிப் புளோக்கில் யார் வீட்டுத் துக்கமானாலும் நாலு வார்த்தை பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சே அவருக்கு வினையாக முடிந்தது.

தஞ்சைக் கடலோரத்தில் புயல் புரட்டிப் போட்ட ஒரு கிராமத்துக்கு அவருடைய தேவாலயப் பங்கு மக்கள் அரிசியும் போர்வையும் தார்ப்பாயும் அனுப்பினார்கள். கூரைகள் திரும்ப ஏறிய பிறகு, அந்த ஊர் நர்ஸ் சந்திரமதி ஒரு வேண்டுகோள் வைத்தார். சாமான் போதும், இங்கே ஆண்கள் தூங்குவதில்லை, வாயைத் திறந்து எதையும் சொல்வதும் இல்லை, வாரம் ஒருமுறை போனில் பேச ஆள் கிடைக்குமா? லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் பேச முன்வந்த தொண்டூழியர்களுக்குப் பயிற்சி நடந்தது. புத்தி சொல்லாதீர்கள், காது கொடுங்கள், கேட்டதை வெளியே விடாதீர்கள் என்றார்கள். ஜூலியஸும் தலையாட்டினார்.

அவருக்கு அமைந்தவர் அழகேசன், தென்னை விவசாயி. தோப்பையும் மனைவியையும் அந்தப் புயலில் இழந்தவர். முதலில் ‘ம்’, ‘ஆமா சார்’ என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஜூலியஸ் விடாமல் கூப்பிட்டார். மெல்ல மெல்ல மனிதர் பேசத் தொடங்கினார். அறுத்து அகற்ற ஆளில்லாமல் கிடக்கும் மரங்களைப் பற்றிப் பேசினார். தஞ்சாவூரில் நர்சிங் படிக்கும் மகள் சங்கீதாவைப் பற்றிப் பேசினார். ஒருநாள் சாயங்காலம், யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“புயலன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம்னு எம் பொண்டாட்டி கெஞ்சுனா சார். நான்தான் மோட்டாரு நனைஞ்சிடும், கழட்டி வச்சிட்டுப் போவோம்னு நின்னேன். டார்ச் புடிக்க அவளையும் நிக்க வச்சேன். கொட்டகைச் சுவரு அவ மேல விழுந்துடுச்சு. எம்மவகிட்ட, ஒங்கம்மாதான் வர மாட்டேன்னு அடம் புடிச்சான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அன்றைக்கு ஜூலியஸ் சரியாகத்தான் நடந்துகொண்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், “இது என்னோடயே இருக்கும் அழகேசன்,” என்றார். அடுத்த முறை அழகேசன், “இப்பல்லாம் தூக்கம் வருது சார்,” என்று சொன்னபோது ஜூலியஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பெருமிதத்தில்தான் பிசகு நடந்தது. புதிய தொண்டூழியர்களைச் சேர்க்கப் பங்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கத்தான் நினைத்தார். வந்தவர்களோ கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள். “ஒரு மனுஷனோட கதை சொல்றேன்,” என்றார். ஆள் பெயர் சொல்லவில்லை, ஊர்ப் பெயரும் சொல்லவில்லை. ஆனால் மோட்டாரைச் சொன்னார், டார்ச்சைச் சொன்னார், நர்சிங் படிக்கும் மகளிடம் சொன்ன பொய்யையும் சொன்னார். மண்டபமே கண்ணைத் துடைத்தது. நிறையப் பேர் சேர்ந்தார்கள். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, அது கை மாறிக் கை மாறி, தஞ்சாவூரில் சங்கீதாவின் விடுதிக்கே போய்ச் சேர்ந்தது.

சந்திரமதி அழைத்தபோது ஜூலியஸ் வேலையில் இருந்தார்.

“சார், அந்த வீடியோல பேசுறது நீங்கதானே? அந்தப் புள்ள அப்பாவுக்குப் போன் போட்டு, நெசமான்னு ஒரே வார்த்தை கேட்டுச்சாம். அதோட பேச்சை நிறுத்திடுச்சு. மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டுக் கெடக்காரு.”

“நான் பேரு சொல்லலையே சிஸ்டர்…” என்று தொடங்கிய ஜூலியஸ் பாதியிலேயே நிறுத்தினார். தன் குரல் தனக்கே கூசியது. “நான் அவர்கிட்ட மன்னிப்பு கேட்கணும். இப்பவே கேட்கிறேன்.”

“வேணாம் சார். நீங்க கேட்டா அவரு பரவால்லன்னு சொல்லியாகணும். ஒங்களைத் தேத்துற வேலை வேற அவருக்கு எதுக்கு? ஒத்தையில விடாம சொந்தக்காரங்க கூட இருக்காங்க. நான் தெனமும் போறேன், மனநல டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போறேன். நீங்க சும்மா இருங்க. அதுதான் இப்ப உதவி.”

சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமே இல்லாத காரியம். வீடியோவைப் பகிர்ந்தவர்களைத் தேடிப் பிடித்து அழிக்கச் சொன்னார். “ஏன் அண்ணே, சூப்பரா பேசியிருக்கீங்களே!” என்றார்கள். சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். யாராவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார்.

மனைவி மிரண்டாவிடமும் நடந்ததைச் சொன்னார்.

“நானும்தான் முன்வரிசையில உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வர்ற வழியில ஸ்பீச் நல்லா இருந்துச்சுன்னேன். அவர்கிட்ட பெர்மிஷன் கேட்டீங்களான்னு எனக்குத் தோணவே இல்ல லா,” என்றார் மிரண்டா.

ஜூலியஸ் தொண்டூழியர் குழுவிலிருந்து விலகினார். ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்கவும் மறுத்துவிட்டார். காரணம் கேட்ட பாதிரியாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சொன்ன பிறகும் நெஞ்சில் பாரம் குறையவில்லை.

சில மாதங்கள் கழித்து அழகேசனே கூப்பிட்டார்.

“எம்மவ வந்தா சார். கொட்டகை இருந்த எடத்துல என்னை நிக்க வச்சு, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லுன்னா. சொன்னேன். மண்ணை அள்ளி என் மேல எறிஞ்சா. அப்பறம் ரெண்டு பேரும் அழுதோம். இப்ப அடிக்கடி வருது. மாத்திரை சாப்பிட்டியான்னு அதட்டுது.”

“அழகேசன், நான்…”

“நீங்க வெளிய சொன்னதாலதான் எல்லாம் நல்லபடியா ஆச்சுன்னு நெனச்சிடாதீங்க சார். அது நான் எம்மவகிட்ட என் வாயால சொல்ல வேண்டியது. என்னைக்காவது சொல்லியிருப்பேன். அத நீங்க எடுத்துக்கிட்டீங்க.”

“ஆமா,” என்றார் ஜூலியஸ்.

“நான் நல்லா இருக்கேன்னு ஒங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடச் சொன்னாங்க சந்திரமதியம்மா. அதான் கூப்பிட்டேன். இனிமே நீங்க போன் பண்ண வேணாம் சார்.”

“சரி அழகேசன்.”

சமையலறையிலிருந்து மிரண்டா எட்டிப் பார்த்தார். “யாரு, அழகேசனா? என்ன சொன்னாரு?”

ஜூலியஸ் போனைக் கீழே வைத்தார். மகள் வந்தது, மண்ணை அள்ளி எறிந்தது, அழுதது எல்லாம் நாக்கு நுனியில் நின்றன.

“நல்லா இருக்காராம்,” என்று மட்டும் சொன்னார்.