ஐந்தாவது பெயர்

எங்கள் ஊர் ஹோல்ம்பெக்கின் மருந்துக் கடையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் மருந்தாளுநர் நின்று மாத்திரைகளைச் சரிபார்ப்பார். முன்னால் நிற்கும் கடை ஆட்கள் மருந்துப் பையை அவரிடமிருந்து வாங்கி, வந்தவர்களின் பெயரையும் முகவரியையும் கேட்டுக் கொடுப்பார்கள். ரோவன் டினியன் முன்னால் நிற்பவள். இருபத்திரண்டு வயது. பதினைந்து வயதில் சனிக்கிழமை வேலைக்கு இங்கே வந்தபோதே, ஒருநாள் அந்தத் தடுப்பைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தலைவலிக்கு விழுங்குகிற மாத்திரைக்குத் தலை எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை மருந்தாளுநரிடம் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. வேதியியல் படி, தெரியும் என்றார்.

படிக்கத்தான் நினைத்தாள். பள்ளியில் அவளுக்கு நன்றாக வந்த பாடமும் அதுதான்.

எங்கள் பக்கத்தில் பதினாறு வயதுக்கு மேல் மூன்றே பாடம். எந்த மூன்று என்பதையும், எங்கே படிப்பது என்பதையும் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து நகரமான கார்லைலில் பெரிய கல்லூரி இருந்தது. அங்கே எல்லாப் பாடமும் உண்டு. ஆனால் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்ப வேண்டும். ஊர்ப் பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது கடைசி இரண்டு வருட வகுப்பு, சின்னது. பாடங்கள் குறைவு, ஆசிரியர்கள் தெரிந்தவர்கள். ரோவன் ஊரிலேயே இருக்க முடிவு செய்தாள். மார்னியும் அங்கேதான் இருந்தாள்.

மார்னி அவளுக்கு ஐந்து வயதிலிருந்தே தோழி. மார்னியின் அப்பா ராணுவத்தில் இருந்தபோது ஜெர்மனிக்குப் போனவர், அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். அங்கே மார்னிக்கு இரண்டு தங்கைகள். வீடியோ அழைப்பில் அவர்கள் என்னென்னவோ சொல்வார்கள், இவள் கையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவாள். அவர்களோடு பேச வேண்டும் என்பதற்காகவே ஜெர்மன் எடுக்க நினைத்தாள்.

நவம்பரில் ஒரு மாலை, பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கான நிகழ்ச்சி பள்ளியின் பெரிய கூடத்தில் நடந்தது. சந்தைக் கடை மாதிரி ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு மேசைக்குப் பின்னால் நின்றார்கள். வேதியியல் மேசையில் பச்சைச் சுடர் எரிந்தது, கூட்டம் அங்கே மொய்த்தது. ஜெர்மன் மேசையில் மிஸ்டர் கெல்சிக் இஞ்சி பிஸ்கட் தட்டோடு தனியாக நின்றார். பிஸ்கட்டை எடுத்தவர்கள் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஐந்து பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். மார்னியோடு சேர்த்து நான்கு பேர்தான் இருந்தார்கள்.

அன்றைக்குத்தான் மார்னி அந்த யோசனையைச் சொன்னாள்.

"நீ சும்மா பேரு குடுடீ. உனக்கும் ஜெர்மன் நல்லாத்தானே வரும். செப்டம்பர்ல டைம்டேபிள் போட்டுட்டா அப்புறம் கிளாஸை மூட மாட்டாங்க. நீ கெமிஸ்ட்ரிக்கு மாறிக்கோ. முதல் ரெண்டு மூணு வாரம் யார் வேணா மாறலாம்."

"கெமிஸ்ட்ரியும் ஜெர்மனும் ஒரே நேரத்துல வருதே, மார்னி."

"அதனாலதான் மாறச் சொல்றேன், மண்டு. ரெண்டையும் எடுக்கவா சொன்னேன்?"

திரும்பும்போது மழை. காரைக் கிளப்பாமல் அம்மா டெனீஸ் கண்ணாடியில் படிந்த ஆவி கலைவதற்காகக் காத்திருந்தாள். ரோவன் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, நீ என்னம்மா நினைக்கிறாய் என்று கேட்டாள்.

"உன் வாழ்க்கை, கண்ணு. உன் இஷ்டம். நீ எது எடுத்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்."

ரோவன் இன்னொரு முறை கேட்டாள். அதே பதில்தான் வந்தது. டெனீஸை அவளுடைய அப்பா விருப்பமில்லாமல் தட்டச்சு வகுப்பில் போட்டவர். தன் பிள்ளையை எதிலும் தள்ள மாட்டேன் என்று அவள் எப்போதோ தீர்மானித்திருந்தாள். எங்கள் ஊரில் பாதி அம்மாக்கள் அப்படித்தான். பிள்ளையின் முடிவில் மூக்கை நுழைப்பது நாகரிகமில்லை என்று நினைப்பார்கள். கேட்கிற பிள்ளை பதிலுக்காகத்தான் கேட்கிறது என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ரோவன் உயிரியல், கணிதம், ஜெர்மன் என்று பெயர் கொடுத்தாள். ஆகஸ்டில் தேர்வு முடிவு வந்தது. வேதியியலில்தான் அவளுக்கு இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பெண். வேதியியல் ஆசிரியை மிஸஸ் லோதர் உறையைக் கையில் கொடுத்தபோது, "லேப்ல உனக்கு ஒரு ஸ்டூல் வெச்சிருக்கேன், எப்ப வேணா வா" என்றார்.

செப்டம்பரில் ஒரு விஷயம் தெரிய வந்தது. அக்டோபர் விடுமுறைக்கு முன் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால் வகுப்பை மூடிவிடுவார்களாம். பாடம் மாற்றுவதற்கோ செப்டம்பர் பாதி வரைதான் அனுமதி. மார்னி இதைக் கேட்டுவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவளைப் பார்த்து எப்படிப் போவது?

பாடம் மாற்றுவதற்கான கடைசி நாளில் ரோவன் துணிந்துவிட்டாள். நேராக மிஸ்டர் கெல்சிக்கின் அறைக்குப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஐந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார். வகுப்பு நின்றுபோனால் அவர் சின்ன வகுப்புகளுக்குப் புவியியல் எடுக்கப் போக வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒரு கேக் இருந்தது. வீட்டில் செய்ததாம், ஒரு பக்கம் உட்கார்ந்து போயிருந்தது.

"அஞ்சு பேர்னு சொன்னேன். தலைமையாசிரியை நம்பவே இல்ல" என்றார். ஒரு துண்டை வெட்டி அவள் கையில் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து, "என்ன ரோவன், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கேக் நல்லா இருக்கு."

அவ்வளவுதான். கையில் ஒருவர் கேக்கைக் கொடுத்த பிறகு அவருடைய வகுப்பை மூட வைப்பது எங்கள் ஊரில் யாராலும் முடியாது. காலை மிதித்தவரிடம் நாமே மன்னிப்புக் கேட்கிற ஆட்கள் நாங்கள். மிஸஸ் லோதரின் ஸ்டூல் வேறு யாருக்கோ போயிற்று.

மார்னி அடுத்த ஈஸ்டருக்குள் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். அப்பா வீட்டில் ஓர் அறை காலியாகியிருந்தது, அங்கேயே பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். பேருந்து நிலையத்தில் ரோவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை உண்மைதான், அதில் ரோவனுக்குச் சந்தேகமே இல்லை. மிச்சம் நான்கு பேரோடும் ஜெர்மன் வகுப்பு முடிவு வரை நடந்தது. பாதி ஆண்டில் எந்த வகுப்பையும் மூட முடியாது என்று மிஸ்டர் கெல்சிக் சந்தோஷமாகச் சொன்னார். ரோவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே வேதியியல் ஆய்வுக்கூடம்.

ஜெர்மனில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். மருந்தியல் படிப்புக்கு அவள் எழுதிக் கேட்ட இடமெல்லாம் வேதியியல் வேண்டும் என்றார்கள். அதை மட்டும் கார்லைலில் தனியாகப் படித்திருக்கலாம், வழி இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். கடையில் முழுநேர வேலை கிடைத்தது, அடுத்த வருடம் போகலாம் என்றிருந்தாள். அடுத்த வருடமும் அப்படியே நினைத்தாள். யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. இதை நினைக்கும்போதுதான் அவளுக்கு அதிகமாக வலிக்கிறது.

போன மே மாதம் மலையில் நடக்க வந்த வயதான ஜெர்மன் அம்மாள் ஒருத்தி கடைக்குள் வந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. ஆங்கிலம் தடுமாறியது. ரோவன் ஜெர்மனில் பேசியதும் அவள் ரோவனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தான் சாப்பிடுகிற இதய மாத்திரையைக் காட்டி, அதோடு இந்த வலி மாத்திரையைச் சாப்பிடலாமா, இரண்டும் சேர்ந்தால் உடம்புக்குள் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் ரோவனுக்குப் புரிந்தது. பதில் தெரியவில்லை.

ரோவன் தடுப்பின் பக்கம் திரும்பினாள். அங்கே புதிதாக வந்த மருந்தாளுநர் ப்ரியோனி நின்றாள், ரோவனைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள். ப்ரியோனி வேறு மாத்திரை எடுத்துக் கொடுத்து, அந்த வலி மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும், இதயத்துக்கு ஏன் பாரம் என்று நிதானமாக விளக்கினாள். ரோவன் அதை ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள். பாதி சொல்லும்போதே, தலைக்கு வழி தெரிகிற மாத்திரையைப் பற்றித் தான் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அம்மாள் போன பிறகு ப்ரியோனி, "ஜெர்மன் எங்க கத்துக்கிட்ட? கொடுத்து வெச்சவ நீ" என்றாள். ரோவன் சிரித்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது கடையில் நடந்ததை அம்மாவிடம் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். டெனீஸ் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"அன்னிக்குக் கார்ல நீ கேட்டல்ல. கெமிஸ்ட்ரியை விடாதன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எங்கப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு முழுங்கிட்டேன்." முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "சொல்லியிருக்கணுமோ, கண்ணு?"

சொல்லியிருந்தால் ரோவன் கேட்டிருப்பாள். அன்று அந்தக் காரில் அவள் காத்துக்கொண்டிருந்ததே அந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது என்று இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது. எதிரே அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பேனாக்கும்" என்றாள் ரோவன். "சாப்பிடும்மா, ஆறிடும்."

டெனீஸின் முகம் தெளிந்தது. கிழங்கை எடுத்து வாயில் வைத்தாள்.