ஐந்து துளைச் சக்கரம்

கலெர்வோ மாமா என் அம்மாவின் தம்பி. வடக்கே குஹ்மோ என்ற பனி ஊரில் மர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் சிர்க்கா அத்தையும் விவாகரத்து வாங்கியபோது சண்டையே இல்லை. படகு மாமாவுக்கு, நாய் அத்தைக்கு. பனியில் வழுக்காமலிருக்க அத்தையின் காருக்கு மாட்டும் குளிர்கால டயர்கள் மட்டும், தனி ரிம்மில் மாட்டியபடியே, மாமாவின் கொட்டகையில் நின்றுவிட்டன. அத்தை குடிபோன அடுக்குமாடி வீட்டில் நாலு சக்கரம் வைக்க ஏது இடம்?

அதனால் முதல் பனிக்கு முன் ஒருமுறை, பனி உருகியபின் ஒருமுறை, மாமா சக்கரங்களைக் காரின் பின்னால் மாட்டிய இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாற்றி மாட்டுவார். கழற்றிய ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதுவார். வேலை முடிந்ததும் அத்தை காபியும் ஏலக்காய் பன்னும் தருவார். வருஷத்தில் இருவரும் பேசிக்கொள்வது அவ்வளவுதான். அந்த இரண்டு நாளுக்கும் மாமா முடிவெட்டிக்கொண்டு போவார்.

இந்த வருஷம் பனிக்கு முன் நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி, அடுத்து எங்கே என்று தெரியாமல் மாமா வீட்டில் இருந்தேன். அத்தை கார் மாற்றிய சேதியை நான்தான் உளறினேன்.

"எத்தனை துளை?" என்றார் மாமா.

"என்ன துளை?"

"வீல்ல போல்ட் போடுற துளை. பழசுக்கு நாலு."

என் போனிலிருந்த புதுக் காரின் படத்தைப் பெரிதாக்கி எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார்.

"நம்ம வீல் சேராது. கார் வித்த கடைக்காரனே குளிர்கால செட்டு குடுத்திருப்பான். அவனே வச்சுக்குவான், அவனே மாட்டுவான். இனி அங்க எனக்கென்ன வேலை?"

ஆனாலும் சனிக்கிழமை முடிவெட்டிக்கொண்டு வந்து, பழைய சக்கரங்களை ஏற்றினார்.

"சேராதுன்னீங்களே மாமா?"

"அவ பொருள். விக்கறதா வேண்டாமான்னு கேக்கணும்ல?"

"போன்ல கேக்கலாமே."

"நீ வாயை மூடிட்டு ஜாக்கியை எடுத்து வை."

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அத்தை கீழே இறங்கி வந்து இழுவண்டியை எட்டிப் பார்த்தார்.

"யோவ், இது அஞ்சு போல்ட் வண்டி. எதுக்கு இந்தப் பழைய இரும்பைச் சுமந்துட்டு வந்தே?"

"உன்னோடதாச்சே. என்ன பண்ணட்டும், சொல்லு."

"வித்துடு."

"சரி."

மாமா தார்ப்பாயை மூடிக் கட்டினார். நன்றாக இருந்த முடிச்சையே அவிழ்த்துத் திரும்பப் போட்டார்.

"எங்க கிளம்பிட்டே?"

"வேலைதான் இல்லையே."

அத்தை தன் காரின் பின்கதவைத் திறந்தார். இருக்கையை மடித்து, கம்பளம் விரித்து, அதன்மேல் நாலு புதுச் சக்கரங்கள், பனிக்கான ஆணி பதித்த டயரோடு.

"நாங்களே வச்சுக்கறோம்னு கடைக்காரன் சொன்னான். எனக்கு ஆளு இருக்குன்னு சொல்லிட்டு, அன்னிலேருந்து இதைத் தூக்கிட்டே சுத்தறேன். ரப்பர் நாத்தத்துல நாய் வண்டியில ஏற மாட்டேங்குது."

மாமா காலடியில் கிடந்த ஜாக்கியைச் சுற்றுமுற்றும் தேடினார். பிறகு குனிந்து சக்கரங்களைத் தடவிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"போல்ட் எங்க?"

"வண்டியில இருக்கே."

"அது அலாய் ரிம்முக்கு. இது இரும்பு ரிம். இதுக்குப் போல்ட்டே வேற. வெறும் வீலை வாங்கிட்டு வந்திருக்கா பாரு! இத்தனை வருஷமா நான் குனிஞ்சு மாட்டறப்ப மேல நின்னு என்னத்தைப் பாத்தே?"

"உன் வழுக்கையைப் பாத்தேன்."

இருவரும் சிரித்தார்கள். போல்ட் வாங்க என்னை அனுப்பினார்கள். நான் அவசரப்படாமல் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது காபி முடிந்து, மறுபடி காபி கொதித்துக்கொண்டிருந்தது.

கடைசிப் போல்ட்டை இறுக்கிவிட்டு மாமா சொன்னார்: "நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒருவாட்டி திரும்ப இறுக்கணும். நான் வந்து..."

"நீ வர வேண்டாம். நானே அங்க வரேன். கழட்டின என் கோடைச் சக்கரத்தை நீ எங்க வைக்கறேன்னு பாக்கணும்."

பிரிந்தபின் அத்தை அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. மாமா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.

மாமா தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "அந்த ரெண்டாவது படி ஆடுது. அவ வர்றதுக்குள்ள சரி பண்ணிடணும்" என்றார். உள்ளே போகாமல், அப்படியே சுத்தியலைத் தேடப் போனார்.