பரணுக்கு வேண்டிய புகை

கொடைக்கானலில் என் மகள் அண்மையில் கட்டிய வீட்டில் அடுக்களைக்குச் சுவர் இல்லை. அடுப்பும் கூடமும் ஒரே வெளியில் அமைந்துள்ளன. தாளிக்கும் புகையை மேலே பொருத்திய கருவி பேரோசையுடன் உறிஞ்சிவிடுகிறது. சமைத்துக்கொண்டே எல்லாருடனும் பேசலாம் என்று அவள் அதன் சிறப்பை எடுத்துரைத்தாள். நான் மறுக்கவில்லை. ஆயினும், அடுக்களையில் நிகழும் பேச்சைப் பற்றி எனக்குத் தெரிந்தவை மேல்மலைச் சிற்றூரான மன்னவனூரில் என் சிறுவயதில் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன.

அந்நாளில் எங்கள் அடுக்களை ஒற்றை வாயிலுடைய இருட்டறை. மண்ணடுப்புக்கு நேர்மேலே மூங்கிற்பரண். அதில் அடுத்த நடவுக்கான விதைப்பூண்டு கொத்துக்கொத்தாகத் தொங்கும். அடுப்புப் புகை பட்டால்தான் பூண்டு அழுகாமல் நிற்கும் என்பது மேல்மலை உழவர் கண்ட உண்மை. பூண்டுக்கு உகந்த அப்புகை மனிதருக்கு உகந்ததன்று. அப்பா வாயிற்படியைத் தாண்டியதில்லை. அங்கு நின்றே பரணை அண்ணாந்து பார்ப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு அகன்றுவிடுவார். அம்மாவும் அத்தையும் மட்டுமே உள்ளே புழங்கினர். அத்தை அப்பாவின் தமக்கை. கணவரை இழந்தபின் எங்களுடன் வந்து தங்கியவர். வீட்டில் அவ்விருவருக்கென்று வேறு அறை இல்லை.

அந்தப் புகைக்குள்ளிருந்து இருமலும் சிரிப்பும் மாறிமாறி வரும். ஒருநாள் அப்பாவின் குரலும் கேட்டது: "வெரசா, வெரசா. ஒரு சோறாக்க இம்புட்டு நேரமா?" அப்பாவோ அவ்வேளையில் தோட்டத்தில் இருந்தார். பேசியவர் அத்தை என்பதை உணர எனக்குச் சற்று நேரமாயிற்று.

அம்மாவின் இருமலைப் பொறாதவர் மாமா. அவர் அம்மாவின் தம்பி. அடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் கொத்தனார். ஒருமுறை அவர் சிமென்டுக் குழாய் ஒன்றைப் பேருந்தின் கூரையில் ஏற்றி, வளைவுக்கு வளைவு இறங்கி அது கட்டவிழவில்லை என உறுதிசெய்துகொண்டு மலைக்குக் கொண்டுவந்தார். பழைய அடுப்பை இடித்துப் புகையில்லா அடுப்பைக் கட்டினார். குழாயைக் கூரைக்கு மேல் நிறுத்தினார்.

"இனிமே ஒரு பொட்டுப் புகை உள்ள நிக்காதுக்கா."

"அப்ப பூண்டுக்கு?" என்றார் அப்பா.

"அனலு போதும் மச்சான். அக்கா கண்ணப் பாருங்க, மொளகாப் பழமாட்டம் கெடக்கு."

அப்பா பார்த்தார், இசைந்தார். சில நாள்களில் அம்மாவின் இருமல் நின்றது. மாமா மனநிறைவோடு ஊர் திரும்பினார்.

மேல்மலைக் குளிரில் வீட்டின் வெதுவெதுப்பான இடம் அடுக்களையே. இப்போது அங்குப் புகையும் இல்லை. அப்பா தம் முக்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து அமர்ந்தார். இருவரும் அடுப்பை நோக்கிக் கைகளை நீட்டி, மழையைப் பற்றி உரையாடினர். விரைவில் அப்பாவுக்குச் சமையலிலும் நாட்டம் பிறந்தது.

"உப்புப் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க," என்றார் அம்மா.

"வெறகை வெளிய இழு. சோறு கொழஞ்சுரும்."

"இம்புட்டு நாளும் யாருலே இழுத்தா?" என்றார் அத்தை.

அப்பா அதை வேடிக்கையாகக் கொண்டு சிரித்தார். அதற்குமேல் அத்தை அங்கு அதிகம் பேசவில்லை. பெண்கள் இருவரும் தலைகுனிந்து காய் அரிந்தனர். இருமலோடு சிரிப்பும் அவ்வறையை விட்டு நீங்கியிருந்தது.

ஒரு காலையில் அம்மா என்னை அழைத்தார். "குப்பக்குழி ஓரமா கழிச்சுப் போட்ட பூண்டு கெடக்கும். அதுல ஒண்ணு எடுத்துட்டு வா. நல்லா கொழகொழன்னு இருக்கணும்."

கொண்டுவந்தேன். அம்மா உரலின்மேல் ஏறி அதைப் பரணில் ஒரு கொத்துக்குள் செருகினார். ஏன் என்று கேட்டேன். ஒரு வெல்லத் துண்டு என் வாய்க்குள் வந்தது. ஏவிய வேலைக்குரிய கூலி என்று அதனை ஏற்றேன்.

மாலையில் அப்பா முக்காலியில் அமர்ந்ததும் அம்மா பேச்சைத் தொடங்கினார்.

"மதினி, மேல என்னமோ நாத்தம் அடிக்கல?"

"எனக்கு வெள்ளனேயே அடிச்சுச்சு," என்றார் அத்தை.

அப்பா எழுந்து பரணைத் துழாவினார். கை ஈரத்தோடு திரும்பியது. அழுகிய பூண்டை மூக்கருகே வைத்தபடி நெடுநேரம் நின்றார். விதை போனால் அவ்வாண்டின் நடவும் போய்விடும்.

"புகை பத்தலைங்க," என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

"ஒனக்கு இருமுமே."

"இருமுனா இருமிட்டுப் போகுது. வெதைதான முக்கியம்?"

அப்பா நெகிழ்ந்துபோனார். இருட்டுமுன் கூரையேறிக் குழாயின் வாயில் ஒரு தகரடின்னைக் கவிழ்த்து, அதன்மேல் கல்லும் வைத்தார். புகை அடுக்களைக்குத் திரும்பிற்று. முக்காலி வெளியே வந்தது. தம் மனைவி பூண்டுக்காகத் தன்னலம் துறந்ததைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்பா பலமுறை எடுத்துரைத்தார். உள்ளே இருமல் கேட்டது. அடுத்துச் சிரிப்பும் கேட்டது.

பூண்டு நடவு முடிந்த பின்னர் மாமா வந்தார். முற்றத்தில் நின்று கூரையை நோக்கிய அவருடைய முகம் வாடியது.

"கோவிச்சுக்காத மாப்ள," என்றார் அப்பா. "ஒன் வேலையில கொற இல்ல. பூண்டுக்குப் புகை வேணும். ஒங்க அக்காவே சொன்னது."

மாமா ஏணியை எடுத்துவந்து கூரையில் சாத்தினார். ஏறுமுன் என்ன நினைத்தாரோ, அடுக்களை வாயில்வரை சென்று கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். பரணில் ஒரு பூண்டும் இல்லை. வெறும் மூங்கில் கறுத்துக் கிடந்தது. அதன் கீழே அத்தை பக்கத்து வீட்டுக்காரரைப் போல உட்கார்ந்து கைகளை நீட்டிக் காட்ட, அம்மா இருமியபடியே சிரித்துக்கொண்டிருந்தார். மாமாவைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"உள்ள வராத தம்பி, புகை."

மாமா உள்ளே செல்லவில்லை. வெற்றுப் பரணை மீண்டும் ஒருமுறை பார்த்தார். தம் அக்காவைப் பார்த்தார். திரும்பிவந்து ஏணியை எடுத்துச் சுவரோரம் கிடத்தினார்.

"டின்னு அப்படியே இருக்கட்டும் மச்சான். பூண்டுதான முக்கியம்."

அப்பா நிறைவோடு தலையசைத்தார். பரணில்தான் பூண்டே இல்லையே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமா தம் சட்டைப்பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து அதற்குள் போட்டார். எங்கள் வீட்டில் பூண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இனிப்புக் கிடைக்கும் என்பதே அன்று நான் அறிந்துகொண்டது.