மூணாவது கிரிஸ்டல்

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில் குடியிருந்த ரயில்வே குமாஸ்தாவுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த, சீராக அதிரும் இரண்டு குவார்ட்ஸ் கிரிஸ்டல்களை ரேடியோ வால்வுகளோடு இணைத்து ஓடவிட்டு, அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் ஸ்பீக்கரில் ரீங்கரிப்பதைக் கேட்டபடியே நடப்பார். ரீங்காரம் மாறினால் இரண்டில் ஒன்று தன் அதிர்விலிருந்து நழுவிவிட்டது என்று அர்த்தம்.

"எதுங்க நழுவிச்சு?" என்றேன் ஒருநாள்.

"ரெண்டை மட்டும் வெச்சு அதைச் சொல்ல முடியாதுங்க. ஒப்பிட்டுப் பாக்க மூணாவது வேணும்."

அந்தக் கோடையில் அவர் மனைவி சண்டைபோட்டுக்கொண்டு வையம்பட்டிக்குப் போய்விட்டார். குமாஸ்தா கீழே இறங்கி வந்தார்.

"எங்க ரெண்டு பேரையும் தினம் பாக்கறீங்க. மாறினது நானா, அவளா?"

"நீங்கதான்" என்றேன்.

"நீங்க மாறலைன்னு யாருங்க சொல்றது?"

அன்றுதான் அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தது நான்.