கழுவாத தொட்டிகள்

எங்கள் செடிக்கடையின் பின்கதவருகே ஒரு பெரிய மரப்பெட்டி இருக்கிறது. வேண்டாத பிளாஸ்டிக் தொட்டிகளை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து அதில் போடலாம். கறுப்புத் தொட்டிகளைக் குப்பை வண்டிக்காரர்கள் எடுப்பதில்லை. தரம் பிரிக்கிற இயந்திரத்தின் கண்ணுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தெரியாதாம். அதனால் ஊரில் உள்ள தொட்டியெல்லாம் கடைசியில் எங்கள் தலையில்தான் விடிகிறது. எங்கள் தலை என்று சும்மா சொல்கிறேன், விடிவது ஒரே ஒருத்தி தலையில்.

அவளுக்குத் தொட்டியக்கா என்று பெயர் வைத்தது நான்தான். பில் போடுகிற மேஜையில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியில் விழுகிற தொட்டிகளை எடுத்து, ஒட்டிய மண்ணைத் தட்டி, பிரஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, கவிழ்த்து வெயிலில் காயவைத்து, அளவுவாரியாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிவிடுவாள். உடைந்ததைக்கூடத் தூக்கியெறிய மனசு வராது. அவள் வீட்டில் சீப்பு, கரண்டி, துணி மாட்டும் கிளிப் எல்லாம் கறுப்புத் தொட்டியில்தான் குடியிருக்கின்றன. அடி ஓட்டை வழியாகப் போன் சார்ஜர் ஒயரை விட்டிருப்பதைக் காட்டி, "இதுக்குன்னே ஓட்டை போட்டுக் கொடுத்த மாதிரி இல்ல?" என்று ஒருநாள் என்னிடம் பெருமைப்பட்டாள்.

கைராசிக்காரி என்று அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. முதலாளி வாடிக்கையாளர்களிடம், "இது அவங்க கையால நட்டது, கவலையே படாதீங்க" என்று சொல்லித்தான் பாதிச் செடியை விற்பார். அப்போது தொட்டியக்கா கேட்காதவள் போல மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள். கேட்டிருக்கிறாள் என்பதை அவள் காதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, தொட்டியக்கா மாடியில் இருக்கும் அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறாள். வீட்டில் அவள் பெயர் சின்னவள். நல்ல பெண், ஆனால் தொட்டது எதுவும் துலங்காதவள் என்று பெயரெடுத்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த கம்பெனி அடுத்தடுத்து இரண்டு மூடியது. ஆசைப்பட்டு வளர்த்த மீன்கள் ஒரு காலையில் மொத்தமாக மிதந்தன. அவள் புருஷன், "நீ தொட்டா விளங்கினாப்லதான்" என்று எதற்கெடுத்தாலும் சொல்வான். விளையாட்டுக்குத்தான் சொல்கிறான் என்பார்கள். விளையாட்டாகச் சொன்னதைத்தான் மனுஷி ராத்திரி பகல் சுமந்துகொண்டு திரிகிறாள், அது யாருக்குத் தெரிகிறது?

தொட்டியக்காவுக்குத் தெரிந்தது. அதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். சின்னவளுக்கு ஏதாவது ஒன்று நன்றாக வரட்டும் என்று கீழே வீட்டுப் பின்னால் கிடந்த மண்ணைக் கொத்திக் கொடுத்தாள். தக்காளி நாற்று நானே போட்டுத் தருகிறேன் என்றாள்.

அந்த வாரம் ஒருவர் ஒரு கட்டுத் தொட்டி கொண்டுவந்து போட்டார். "செடியெல்லாம் நின்ன இடத்துலயே செத்துப்போச்சு, தொட்டியாவது யாருக்காவது ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். கடை மூடும் நேரம். பிளீச்சிங் தண்ணீரை அப்போதுதான் கொட்டிக் கவிழ்த்திருந்தாள். விற்கிற செடியாக இருந்தால் மறுபடியும் கரைத்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இது நம்ம வீட்டுக்குத்தானே என்று, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, அந்தத் தொட்டிகளிலேயே நாற்றை நட்டாள். பார்ப்பதற்குப் பளிச்சென்றுதான் இருந்தன.

நாற்று கீழே வீட்டு மண்ணுக்குப் போனது. சின்னவள் ஆளே மாறிவிட்டாள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் செடியிடம் போய் நிற்பாள். முதல் பூ வந்தபோது, "அக்கா, பூ விட்டிருக்குக்கா" என்று மாடிப்படி ஏறி ஓடிவந்து சொன்னாளாம். தொட்டியக்கா அதைச் சொல்லும்போது அவள் முகத்திலும் பூ விட்டிருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் ஓரத்துச் செடி தலை தொங்கியது. இலை பழுக்கவில்லை, பச்சையாகவே தொங்கியது. மண் ஈரமாக இருந்தது. சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்தது, மறுநாள் நிமிரவில்லை. தண்ணீர் போதவில்லை போல என்று சின்னவள் இன்னும் ஊற்றினாள். தொட்டியக்காவுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அது வாடல் நோய். பழைய மண்ணிலும் பழைய தொட்டியிலும் ஒட்டிக்கொண்டு வருவது. ஒரு செடிக்கு வந்தால் பக்கத்துச் செடியை விடாது, மண்ணுக்குள் போய்விட்டால் வருஷக்கணக்கில் போகாது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "அடியே, தப்பு என்னுது" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவள் சொல்லவில்லை. சின்னவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க நட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. என் கை பட்டுத்தான் இப்படி ஆயிடுச்சு" என்றபோது, "ஐயோ பாவம், அப்படியெல்லாம் பேசாதே" என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டாள்.

என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நான் ஆறுதல் சொல்கிற ஜாதி இல்லை.

"இங்க அழுது என்ன பிரயோஜனம்? போய் அவகிட்ட சொல்லு."

"சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"இப்போ தன்னைப் பத்தி அவளே என்ன நினைச்சுட்டு இருக்கான்னு பாரு."

அதன்பிறகு தினமும் காலையில் அவள் உள்ளே நுழையும்போது, "சொல்லியாச்சா?" என்று கேட்பேன். தலையைக் குனிந்துகொண்டு தொட்டிகளிடம் போய்விடுவாள். எப்போதும் இல்லாத மாதிரி ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஊறப்போட ஆரம்பித்தாள். பிளீச்சிங் பவுடர் பட்டு விரலெல்லாம் தோலுரிந்தது. யாருக்கு என்ன லாபம்? செடி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பெயர் மட்டும் போகவில்லை. முதலாளி கைராசி என்று சொல்லும்போதெல்லாம் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவாள்.

இந்த நேரத்தில்தான் சின்னவளின் தங்கை, பிறந்து சில வாரமே ஆன ஆண் குழந்தையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். வீட்டில் ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சினார்கள். சின்னவள் மட்டும் தள்ளி நின்றாள். தங்கை குழந்தையை நீட்டினால், "கை ஈரமா இருக்கு, அப்புறம் தூக்கறேன்" என்பாள். இரண்டு நாளும் அவள் கை ஈரமாகவே இருந்தது. தங்கை முகம் சுண்டிப்போய்க் கிளம்பினாள். கை ஏன் ஈரமாக இருந்தது என்று அந்த வீட்டில் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் என்னிடம் இதைச் சொன்னபோது எனக்கு வந்ததே கோபம். "நீ மனுஷிதானா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் நடந்தது அவள் வாயால் நான் கேட்டது.

சின்னவள் மிச்சமிருந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாளாம். தொட்டியக்கா போய் நின்று, கழுவாத தொட்டிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். சின்னவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உங்க கைராசிக்கு அப்படி நடக்குமாக்கா? எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு உங்க மேல போட்டுக்கறீங்க."

செய்த தப்பை ஒப்புக்கொண்டதற்கும் நல்லவள் பட்டம். இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? தொட்டியக்கா அங்கேயே விட்டிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் விடவில்லை. சமையலறைக்குப் போய்க் கத்தியும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்தாள். பிடுங்கிப் போட்ட செடியின் தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கம் தண்ணீரில் படும்படி பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் தண்டிலிருந்து வெள்ளையாக, நூல் மாதிரி ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. சின்னவள் குனிந்து பார்த்தாள்.

"இதுதான் அந்த நோய். உன் கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் கொண்டுவந்து கொடுத்தது."

சின்னவள் டம்ளரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கடைக்கு வர்றவங்களுக்குன்னா கழுவியிருப்பீங்க?"

"ஆமா."

"உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

"முதல் செடி தொங்கினப்பவே."

"என் தங்கச்சி வந்திருந்தப்ப?"

"தெரியும்."

"நான் குழந்தையைத் தூக்காம நின்னதைப் பாத்தீங்க."

"பாத்தேன்."

திட்டுவாள் என்று தொட்டியக்கா காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றாள் என்னிடம். சின்னவள் திட்டவில்லை. குழாயில் கை கழுவினாள், உள்ளே போனாள், தங்கைக்குப் போன் செய்தாள். "நாளைக்கு வர்றேன். ஒண்ணுமில்ல, அவனைத் தூக்கணும்" என்று சொன்னது வெளியே கேட்டது.

போன வாரம் சின்னவள் எங்கள் கடைக்கு வந்தாள். தானே சுற்றிப் பார்த்து, செவ்வந்திச் செடி இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். பில் போடும்போது, நான் கேட்காமலேயே போனை எடுத்துக் காட்டினாள். குழந்தை அவள் கையில் இருந்தது. இவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள், எனக்கே சந்தோஷமாக இருந்தது. தொட்டியக்கா இரண்டடி தள்ளி, கையில் தொட்டி அடுக்கோடு நின்றாள். சின்னவள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் தலையாட்டிவிட்டுச் செடிகளோடு போய்விட்டாள்.

"நீயும் வந்து பாத்திருக்கலாமே, காட்டுன்னு கேட்டிருந்தா காட்டியிருப்பா" என்றேன்.

தொட்டியக்கா அடுக்கைக் கீழே இறக்கி வைத்தாள்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றாள்.