ஒரு ஆளுக்கு ஒரு வரி

இதை எழுதப் பல வருஷங்களாகத் தயங்கினேன். பூஜை அலமாரியில் பெருமாள் படத்துக்குப் பின்னால் நான் செருகி வைத்திருக்கும் ஒரு தாள், விளக்கேற்றும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. ஏதோ வேண்டுதல் சீட்டு என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதில் பென்சிலில் இரண்டு கட்டங்கள். துவாக்குடிப் பக்கம் நான் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்த கம்பெனிக்கு டேட்டா வேர்ஹவுஸ் அமைக்க வந்த மேடம் போட்டுக் காட்டியது. பழைய ரெஜிஸ்டர்களில் உள்ளதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை. ஒரு கட்டத்துக்கு ஒரு முறை. முதல் முறையில் ஒரு ஆளுக்கு ஒரே வரி. அவர் வேறு செக்‌ஷனுக்கு மாறினால் பழைய செக்‌ஷன் அழிந்து புதியது ஏறும். இரண்டாவதில், மாறும்போதெல்லாம் எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று புது வரி சேரும். உதாரணத்துக்கு என் மனைவியின் அண்ணன் பெயரையே எழுதினார். எங்கள் கம்பெனியில்தான் பதினேழு வருஷம் பெயிண்டிங்கில் ஸ்ப்ரே அடித்து, இருமல் வந்த பிறகு டெஸ்பாட்சுக்கு மாறியவர் அவர்.

பத்தாவது படித்த எனக்கு ஒரே பெயர் இரண்டு தடவை வருவது பிழையாகத் தெரிந்தது.

“ஒரு ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு வரி?” என்றேன்.

“பழசு அழிஞ்சிடும் சார், பரவால்லியா?” என்றார் மேடம்.

“பழசு யாருக்குங்க வேணும்?”

நான் சொன்னபடி முதல் முறையே வந்தது. ரெஜிஸ்டர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

பிறகு மச்சானின் நுரையீரல் கெட்டது. பெயிண்டிங்கில் இருந்ததாகக் கம்பெனி கடிதம் தந்தால்தான் வேலையால் வந்த நோய் என்று எழுத முடியும் என்றார் டாக்டர். ஆபீஸில் தேடினார்கள், சேர்ந்த நாள் முதல் டெஸ்பாட்ச் என்றே காட்டியது. நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். சொந்தக்காரர் சாட்சி செல்லாது என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மச்சான் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“மாப்ள, நான் அங்க வேலையே பாக்கலியாம். அப்ப இந்த இருமல் யாரோடது? கேட்டுச் சொல்லுங்க, திருப்பிக் குடுத்துடலாம்.”

என் பேச்சால்தான் அது அழிந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் அவர் அஸ்தியைக் கரைத்தபோது பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற மனைவியிடமும் சொல்லவில்லை. தினமும் ரங்கனைச் சேவிக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. கேட்கவேண்டிய ஆள் அங்கே இல்லையே.

இன்று காலையும் விளக்கேற்றினேன். தாளில் அவர் பெயருக்கு எதிரே ‘பெயிண்டிங்’ என்ற பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. அவர் அங்கே உழைத்ததற்கு மிச்சம் இது ஒன்றுதான். இதைப் படித்தவர்கள் வேறு யாரிடமாவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, பழசு யாருக்கு வேண்டும் என்று நான் கேட்டதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.